பேய்க்கு யார் முகம்?

பேய் உண்டா, இல்லையா என்பது பழைய வினா. அதற்கு விடை கூறும்பொருட்டு இக்கட்டுரை எழுதப்படவில்லை. பேய் இல்லையென்று நன்கறிந்தவரும் நல்ல பேய்க்கதை ஒன்றைக் கேட்ட இரவில் விளக்கை அணைக்கச் சற்றே தயங்குவர். இல்லாத பேய் கதையில் வாழ்கிறது. கதையினின்று படக்கதைக்குச் செல்கிறது. படக்கதையினின்று இன்று தொலைக்காட்சித் தொடராகி, நம் வீட்டுக் கூடத்திற்கே வந்து அமர்கிறது. ஆதலின் நாம் ஆராய வேண்டிய வினா வேறு. இல்லாத பொருளுக்கு ஓர் உருவம் கொடுக்க வேண்டுமாயின், அவ்வுருவத்தை இருக்கின்ற ஒருவரிடமிருந்தே எடுத்தாக வேண்டும். பேயின் முகம் யாரிடமிருந்து எடுக்கப்படுகிறது?

பாட்டி இருட்டில் சொல்லும் கதையில் பேய்க்கு முகம் இல்லை. "கறுப்பாக ஒன்று வந்தது" என்பாள், அவ்வளவே. கேட்கும் குழந்தை தன் அச்சத்திற்கு ஏற்ப ஓர் உருவத்தைத் தானே அமைத்துக்கொள்ளும். பொழுது விடிந்தால் அது கலைந்துவிடும். படக்கதையில் அங்ஙனம் இயலாது. ஓவியர் ஒரு நிறத்தையும் ஒரு மூக்கையும் ஒரு தலைமயிரையும் தீர்மானித்தே ஆகவேண்டும். தொலைக்காட்சித் தொடரிலோ குரல், நடை, பேச்சு வழக்கு, உடை, குடிசை, அக்குடிசை இருக்கும் தெரு ஆகிய யாவும் தீர்மானிக்கப்படுகின்றன. இருள் சூழ்ந்த படக்கதையைத் தொடராக்க முனைவோர் பொருட்செலவைப் பற்றியும் தந்திரக் காட்சிகளைப் பற்றியும் பலகால் கலந்து பேசுவர். எவ்வளவு இரத்தம் காட்டலாம் என்று தணிக்கை பற்றியும் பேசுவர். ஆயினும் அவர்கள் அறம் செய்தனரா, தீமை செய்தனரா என்பதை முடிவு செய்வது இரத்தத்தின் அளவன்று. முகத்தின் தெரிவே என்பது என் கருத்து.

நாம் அறிந்த ஓர் எடுத்துக்காட்டிலிருந்து தொடங்குவோம். காசுமீரத்துச் சோமதேவர் 11-ஆம் நூற்றாண்டில் வடமொழியில் இயற்றிய கதாசரித்சாகரத்தில் வேதாளம் கூறும் இருபத்தைந்து கதைகள் உள்ளன. 1947-ல் சென்னையில் தோன்றிய 'அம்புலிமாமா' இதழ் அந்தக் கதையமைப்பைக் கைக்கொண்டது. இருபத்தைந்தோடு நில்லாமல், புதுப்புதுக் கதைகளையும் வேதாளத்தின் வாயில் வைத்தது. உருவிய வாளோடும் தோளில் பிணத்தோடும் மயானத்தில் நடக்கும் விக்கிரமாதித்தனை ஓவியர் சங்கர் வரைந்தார். 2020-ல் மறைந்த அப்பெரியாரின் கோடுகளே பல இலட்சம் சிறுவர்க்கு வேதாளத்தின் உருவம் ஆயின. அதே மூலக்கதைகளை 1985-ல் இராமானந்த சாகர் இந்தியில் தூர்தர்ஷன் தொடராக்கினார். இராமாயணத் தொடரை அவர் தந்தது அதற்குப் பின்னர், 1987-ல்.

இவ்வேதாளத்தை நோக்குங்கள். சுடுகாடு உண்டு, பிணம் உண்டு, நள்ளிரவு உண்டு, அச்சத்திற்குக் குறைவில்லை. எனினும் அது எந்த ஊரினது? எந்தக் குலத்தது? எவரும் கூற இயலாது. அம்முகம் எவருடைய முகமும் அன்று. மேலும் அது ஒரு கதையைக் கூறி, இதில் குற்றம் யாருடையது என்று அரசனை வினவுகிறது. விடை தெரிந்தும் வாய் திறவாதிருந்தால் தலை வெடித்துவிடும் என்கிறது. அச்சத்தைக் காட்டி அழைத்துச் சென்று, நீதியை எண்ணும்படி செய்வதே அக்கதைகளின் வேலை. இத்தகைய பேயை வீட்டுக்குள் விடுவதால் கெடுவது ஒன்றுமில்லை. குழந்தை சிறிது அஞ்சும். பின்னர்ச் சிறிது சிந்திக்கும்.

இதற்கு மாறாக, பேயைத் தடை செய்வதே அறம் என்று கருதியவரும் உண்டு. அவர்களுக்கு நேர்ந்தது யாதெனக் காண்போம். அமெரிக்காவில் ஈ.சி. என்னும் பதிப்பகம் 1950 முதல் 1955 வரை 'டேல்ஸ் ஃப்ரம் த கிரிப்ட்' என்னும் அச்சமூட்டும் படக்கதை இதழை வெளியிட்டது. கல்லறையினின்று பிணங்கள் எழுந்து, தம்மைக் கொன்றவரைத் தேடிச் செல்லும் கதைகள் அதில் வந்தன. 1954-ல் பிரெடெரிக் வெர்தாம் என்னும் உளநோய் மருத்துவர், படக்கதைகளால் சிறுவர் கெடுகின்றனர் என்று ஒரு நூல் எழுதினார். அவ்வாண்டே அந்நாட்டு மேலவைக் குழு விசாரணை நடத்திற்று. பதிப்பாளர்கள் அஞ்சித் தமக்குத் தாமே ஒரு விதித்தொகுப்பை அமைத்துக்கொண்டனர். இரத்தம் குடிக்கும் பேயும் பிணந்தின்னும் பேயும் தடுக்கப்பட்டன. திகில், பயங்கரம் என்னும் பொருள்படும் சொற்களும் இதழ்ப் பெயரில் வருதல் கூடாது என்று விதித்தனர். எந்த இனத்தையும் மதத்தையும் இகழ்தல் கூடாது என்பதும் அவ்விதிகளுள் ஒன்று.

இனி நிகழ்ந்ததைக் கேளுங்கள். அதே பதிப்பகம் 1953-ல் வெளியிட்ட 'ஜட்ஜ்மென்ட் டே', அதாவது தீர்ப்பு நாள், என்னும் படக்கதையில் பேயே இல்லை. இயந்திர மனிதர் வாழும் ஓர் உலகம். ஆரஞ்சு நிறத்து இயந்திரங்களும் நீல நிறத்து இயந்திரங்களும் உள்ளே ஒரே வகையில் ஆனவை. மேற்பூச்சு ஒன்றே வேறு. ஆயினும் நீல நிறத்தார் ஊரின் தாழ்ந்த பகுதியில் வாழவும், பேருந்தில் பின்புறம் அமரவும் வேண்டும். பூமியினின்று சென்ற ஆய்வாளர் இதனைக் கண்டு, நீங்கள் இன்னும் எங்கள் கூட்டத்தில் சேரத் தகுதி பெறவில்லை என்று கூறித் திரும்புகிறார். கடைசிப் படத்தில் அவர் தம் தலைக்கவசத்தைக் கழற்றுகிறார். அவர் கறுப்பினத்தவர். அக்கதையை 1956-ல் மறுபடியும் அச்சிட முயன்றபோது, விதிகளைக் காக்கும் அலுவலகம் அந்த முகத்தை மாற்றும்படி கூறிற்று. அம்முகம் மாறினால் கதையே இல்லையென்று பதிப்பாளர் மறுத்து, அவ்வாறே அச்சிட்டார். அதன்பின் அப்பதிப்பகம் அவ்வகைப் படக்கதைகளை விட்டே விலகியது.

பேயை விரட்டப் புறப்பட்டவர்கள் இறுதியில் ஒரு மனிதனின் முகத்தை விரட்ட நின்றார்கள். தடையினால் வந்த பயன் இதுவே. பிற்காலத்தில், 1989 முதல் 1996 வரை, அக்கல்லறைக் கதைகள் அதே பெயரில் தொலைக்காட்சித் தொடராயின. கதை சொல்ல வருவது அழுகிய பிணத்தின் உருவில் அமைந்த ஒரு பொம்மை; எந்தக் குலத்தாரையும் எந்தத் தெருவையும் சுட்டாத முகம். தொடராக்கியோர் இரத்தத்திற்குக் குறை வைக்கவில்லை. எனினும் அப்பொம்மையைக் கண்டு, இது இன்னாருடைய சாதி என்று எவரும் தம் அயலானை நோக்கியிருக்க முடியாது.

இனி நம் ஊருக்கு வருவோம். பெருமாட்டி, சித்தூர் வட்டத்தில் தமிழ் எல்லையை ஒட்டியது. தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் பேசப்படும் இடம். இங்கு வளர்ந்த எவர்க்கும் ஒடியன் கதை தெரியும். ஒடியன் இரவில் எருதாவான், நாயாவான், வேலிப்படலாகவும் நிற்பான். ஏதேனும் ஓர் உறுப்பு மட்டும் குறைந்திருக்கும். வரப்பில் தனியே வருபவனை மறித்து உயிரைப் போக்குவான் என்பர். அவ்வுருமாற்றத்திற்கு வேண்டிய தைலத்தைக் கருவுற்ற பெண்ணின் கருவினின்று எடுப்பான் என்றும் கொடிய கதை கூறுவர். சரி, இந்த ஒடியன் யார்? ஈண்டு வேதாளக் கதைபோல் மௌனம் இல்லை. பறையர் என்றும் பாணர் என்றும் கதையே சுட்டிக் கூறிவிடும். 1909-ல் எட்கர் தர்ஸ்டன், க. ரங்காச்சாரி துணையோடு தென்னிந்தியச் சாதிகளைப் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். அவற்றிலும் இந்த ஒடி வித்தை அம்மக்களைப் பற்றிய செய்திகளோடு சேர்த்தே அச்சேறிற்று. திண்ணைப் பேச்சு, அரசாங்க அறிஞரின் நூலில் ஏறியபின் சான்று போலத் தோற்றம் பெற்றுவிடுகிறது.

சற்று எண்ணிப் பாருங்கள். பகலில் பொதுவழியில் நடக்க உரிமை மறுக்கப்பட்டவர் எப்பொழுது நடப்பர்? இரவில்தான் நடப்பர். இரவில் நடப்பவரைக் கண்டு, பகலில் வழியை அடைத்தவர் அஞ்சினர். பிறகு அந்த அச்சத்திற்குக் கதை கட்டினர். இன்னொன்றும் கருதத்தக்கது. ஒடியனைத் தன் பகைவர்மேல் ஏவியவன் நிலவுடையவனே என்று அக்கதைகளே கூறுகின்றன. கூலி கொடுத்தவன் அவன், பகை அவனுடையது, பயனும் அவனுடையது. எனினும் கதையில் அவனுக்குக் கொம்பில்லை, வாலில்லை, முகமும் இல்லை. ஏவப்பட்டவனுக்கே எல்லாம்.

இது வெறும் கதைதானே, இதனால் யாருக்கு என்ன நட்டம் என்று சிலர் கேட்பர். சூனியக்காரி என்று பெயரிட்டுப் பெண்களை அடித்துக் கொல்லும் கொடுமையைத் தடுக்க, பீகார் அரசு 1999-ல் தனிச் சட்டம் இயற்ற நேர்ந்தது. சார்க்கண்டு 2001-லும் அசாம் 2015-லும் அவ்வாறே இயற்றின. கொன்றவர்கள் தாம் கொன்றது ஒரு பெண்ணை என்று எண்ணவில்லை. கதையில் கண்ட முகத்தைக் கண்டதாகவே எண்ணினர். கதை ஒரு முகத்தைச் சுட்டிவிட்டால், கல்லெறிய ஒரு கை எங்கேனும் காத்திருக்கும்.

மின்விளக்கு வந்தபின் ஒடியன் ஒழிந்தான் என்று பாலக்காட்டு முதியோர் சொல்வதுண்டு. ஆனால் அதே மின்சாரத்தால் அவன் திரையில் மீண்டும் எழுந்தான். 2018 டிசம்பரில் வந்த 'ஒடியன்' திரைப்படம் பாலக்காட்டுத் தேங்குறிசியைக் களமாகக் கொண்டது. மோகன்லால் ஒடியன் மாணிக்கனாக நடித்தார். இகழப்பட்டவன் அங்கே கதைத் தலைவன் ஆனான். இதனை ஒரு நன்மையென்றே கொள்வோம். எனினும் இத்தகைய முயற்சிகளில் ஒரு குழி உண்டு. ஒடியன் நல்லவன் என்று கூறினால் அவனுடைய குணம் திருத்தப்படுகிறது. ஒடி என்பது இன்ன குலத்தார் கைத்தொழில் என்னும் கூற்று திருத்தப்படாமலே நின்றுவிடக்கூடும். நல்ல ஒடியன் என்று புகழ்வதற்கும், நீங்கள் ஒடியர்தாம் என்று ஒப்புக்கொள்ள வைப்பதற்கும் இடைவெளி மிகச் சிறிது.

2024 பிப்ரவரியில் வந்த 'பிரமயுகம்' என்னும் கருப்பு வெள்ளைப் படம் முகங்களை இடம் மாற்றி வைத்தது. அங்கே தப்பியோடி வரும் பாணன் இரைக்கப்படுபவன். பாழ்மனையில் வீற்றிருந்து அவனை அடிமையாக்கும் மாந்திரிகன், மம்மூட்டி நடித்த போற்றி. அப்படம் வெளிவருமுன், அம்மாந்திரிகனுக்கு இட்ட 'குஞ்சமண் போற்றி' என்னும் பெயர் தம் குடும்பத்தைக் குறிப்பதாகத் தோன்றித் தமக்கு இழுக்கு நேரும் என்று, கோட்டயம் மாவட்டத்து இல்லத்தார் சிலர் கேரள உயர்நீதிமன்றத்தை அணுகினர். படம் எடுத்தோர் அப்பெயரைக் 'கொடுமண் போற்றி' என மாற்றிக்கொண்டனர்.

அந்த இல்லத்தார் வேண்டியது தவறு என்று நான் கூறேன். தம் பெயரைப் பேய்க்குச் சூட்டாதீர் என்று கேட்க எவர்க்கும் உரிமை உண்டு. நான் வினவுவது இதுவே: ஓர் இல்லத்திற்குப் பெயர் உண்டு, முகவரி உண்டு, வழக்கறிஞர் உண்டு, ஆதலின் மாற்ற முடிந்தது. பறையர், பாணர் என்னும் பெயர்கள் நூறாண்டுக்கு மேலாகக் கதையிலும் நூலிலும் இருளோடு பிணைந்து கிடக்கின்றனவே, அவற்றை விடுவித்துத் தருமாறு எந்த மன்றத்தில் மனுக் கொடுப்பது? யார் கொடுப்பது?

இவ்விடத்தில் ஒரு சோதனை நமக்கும் உண்டு. இதுவரை நம் முகத்தை வைத்தார்கள். இனி அவர்கள் முகத்தை வைப்போம் என்று மனம் துள்ளும். இத்துள்ளலை அடக்க வேண்டும். பிறப்பால் ஒருவனைப் பேயாக்குவது தீது என்றால், எந்தப் பிறப்பாயினும் அது தீதே. முகத்தை மட்டும் மாற்றிக்கொண்டு முறையை வைத்துக்கொள்வது, கூர்க்கத்தியைக் கை மாற்றிக்கொள்வது போன்றது. பேயின் முகம் செயலிலிருந்து எழவேண்டும். பிறப்பிலிருந்து எழுதல் ஆகாது. பிறனுடைய உழைப்பை உண்பவன் எவனோ, அவன் பேயாகட்டும். அடைத்த கதவைத் திறவாதவன் எவனோ, அவன் பேயாகட்டும். அப்பொழுது பார்ப்பவன் அடுத்த தெருவை நோக்கான். தன் கையையே நோக்குவான்.

"அங்ஙனமாயின் அறம் பேசும் நமக்குப் பேய்க்கதையே எதற்கு?" என்று வினவும் அன்பர்க்கு நம் மணிமேகலையே விடை. அதில் சார்ங்கலன் என்னும் அந்தணச் சிறுவன் சுடுகாட்டுக் கோட்டத்துள் தனியே நுழைகிறான். அங்குக் கண்ட காட்சியால் நடுங்கி வீட்டுக்கு ஓடி, பேய் தன்னைப் பற்றியதாகத் தாயிடம் கூறி உயிர் விடுகிறான். தாய் கோதமை அவ்வுடலைச் சுமந்து சென்று, சம்பாபதித் தெய்வத்தின் முன் முறையிடுகிறாள். பேய் உயிரைக் கொள்வதில்லை. மகனுடைய பேதைமையினூடே வினை வந்து அவன் உயிரைக் கொண்டது என்பது தெய்வத்தின் விடை. நோக்குங்கள்: பிணமும் நரியும் இருளும் நிறைந்த கதை, எந்தத் தொடருக்கும் பொருந்தும் காட்சி. எனினும் அதன் முடிவு எவரையும் பேயென்று சுட்டுவதன்று. நிகழ்ந்ததன் காரணத்தை நாடுவதே அதன் முடிவு.

காரணத்தை நாடுதல் எளிய செயலன்று. கோவைப் பக்கத்துப் பஞ்சாலை ஒன்றில் நான் இரவு முறையில் வேலை செய்த காலத்தில், பஞ்சு உடைக்கும் கூடத்தில் பேய் உலவுவதாகப் பேச்சு எழுந்தது. ஓடும் பட்டையில் சிக்கி ஒரு தொழிலாளி கையை இழந்திருந்தார். சில மாதத்தில் இன்னொருவருக்கும் காயம் நேர்ந்தது. அப்பொழுது தூய்மைப் பணிக்குப் புதிதாக வந்திருந்த ஒரு கிழவியைச் சிலர் ஐயுற்றனர். அவள் சேரித் தெருவினள் என்பதன்றி வேறு சான்று இல்லை. வெள்ளிக்கிழமைதோறும் கற்பூரம் கொளுத்தினர். கிழவியை அக்கூடத்தினின்று விலக்கினர். முதிய மெக்கானிக் ஒருவர் மட்டும் அப்பட்டைக்கு மறைப்பு இல்லை என்பதை மீண்டும் மீண்டும் கூறி வந்தார். ஓர் இரும்புத் தகடு வைத்து மறைத்தனர். அதன்பின் நான் அங்கிருந்த காலம் முழுதும் அவ்விடத்தில் எவர் கையும் போகவில்லை. பேயை ஓட்டியது கற்பூரமன்று, தகடே ஓட்டிற்று. கிழவிக்கு இட்ட பெயரோ கடைசிவரை நீங்கவில்லை.

பெருமாட்டி ஊராட்சிக்கு உட்பட்ட பிளாச்சிமடையில் 2000-ல் ஒரு குளிர்பான ஆலை இயங்கத் தொடங்கியபின், சுற்றுப்புறக் கிணறுகளின் நீர் குன்றியது, சுவையும் கெட்டது. நூறாண்டுக்கு முன்னராயின், கிணறு கெட்டதற்கு எவருடைய குடிசையைத் தேடிச் சென்றிருப்பர் என்பதை உங்கள் ஊகத்திற்கே விடுகிறேன். ஆனால் 2002 ஏப்ரலில் எரவாளர் பழங்குடியைச் சேர்ந்த மயிலம்மாவும் அவரோடு நின்ற மக்களும் குடிசையைத் தேடவில்லை. ஆலையின் வாயிலில் போய் அமர்ந்தனர். 2003-ல் ஊராட்சி உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. 2010-ல் மாநில அரசின் உயர்நிலைக் குழு இழப்பை 216.26 கோடி ரூபாய் எனக் கணக்கிட்டது. எழுத்தறிவு பெறாத மக்கள் காரணத்தைச் சரியாகச் சுட்டினர். கிணற்றைக் குடித்தது எது என்று கேட்கத் தெரிந்தவரை ஒடியன் கதையால் ஏமாற்ற இயலாது.

ஆதலின், இருள் நிறைந்த படக்கதைகளைத் தொடராக்கும் கலைஞர்களுக்கு நாம் கூற வேண்டுவது, பேயைக் காட்டாதீர் என்பதன்று. தாராளமாகக் காட்டுக. ஆனால் அதற்கு உடை தேர்ந்தெடுக்கும் நாளில், அவ்வுடை எந்தத் தெருவில் உடுத்தப்படுகிறது என்று ஒருமுறை வினவுக. அதற்குப் பேச்சு எழுதும் நாளில், அப்பேச்சு வழக்கால் யாரை நகைக்கச் செய்கிறோம் என்று வினவுக. ஏவியவனுக்கும் ஒரு முகம் கொடுக்க மறவாதிருக்க.

நம் இல்லத்தார்க்குக் கூற வேண்டுவது அதனினும் எளிது. குழந்தை பேய்த்தொடரைப் பார்க்கும்போது பெட்டியை அணைத்துவிட்டுச் சினந்து பேசாதீர்கள். அணைத்த பெட்டியின் கதையைப் பக்கத்து வீட்டில் அது பார்த்துக்கொள்ளும். அங்கே கேள்வி கேட்பார் இரார். அருகில் அமருங்கள். தொடர் முடிந்தபின், வேதாளம் அரசனைக் கேட்டதுபோல ஒரு வினாவை நீங்களும் கேளுங்கள். "இதில் குற்றம் யாருடையது? இந்தப் பேயை யார் அனுப்பினார்? அவர் முகத்தை ஏன் காட்டவில்லை?" இதற்கு விடை தேடப் பழகிய குழந்தை, நாளைக்கு வரப்பில் இருட்டில் ஒருவர் எதிர்வரக் கண்டால் கல்லெடுக்காது, விளக்கை உயர்த்தி, யார் என்று கேட்கும்.